வலது காலுக்கு ஒரு படி

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று விட்டால் களைப்பு வந்துவிடும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஊரில் இரண்டு கல்வீடு கட்டினேன். ஒன்று தங்கைக்குச் சீதனம், மற்றது எனக்கு. எனக்குக் கட்டிய வீட்டில் படுத்த நாளைவிட சண்டைக்குப் பயந்து அதை விட்டு ஓடிய நாள்தான் அதிகம். இந்த நாட்டுக்கு வந்து ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். கடைக்காரர் ஒரு சுவரை உடைத்துக் கட்டியபோது பலகை பிடித்துக் கொடுக்கப் போய், பலகை அடிக்கப் பழகினேன். அதற்குப் பிறகு ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஸ்காபரோவில் பேஸ்மென்ற் கட்டத் தொடங்கினேன். வெறும் சீமெந்தும் ஈர மணமுமாகக் கிடந்த நிலக்கீழ் அறைகளைப் படுக்கையறை, குசினி, குளியலறை என்று பிரித்து, வந்து சேர்ந்த சனத்துக்குப் படுக்க இடமாக்கியவன் நான். அங்கே அஜின்கோர்ட்டில் ஒரு தெரு இருக்கிறது. அதில் நடந்து போனால் இரண்டு பக்கமும் தரைக்குக் கீழே என்னுடைய வேலைதான். ஒரு கோயில், கோயிலாவதற்கு முன்னர் களஞ்சியமாகக் கிடந்தது. அதற்குள் சாமி இருக்கும் மேடையும், மடைப்பள்ளிச் சுவரும், செருப்பு வைக்கும் தட்டும் என் கையால் வந்தவை. பிள்ளைகளைப் படிப்பித்துக் கரைசேர்த்தேன். இங்கிலிஷில் நான் வாசிக்கக்கூடியது அளவு நாடாவில் உள்ளதை மட்டும்தான். அதை வைத்துக்கொண்டே இவ்வளவும்.

படிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பேஸ்மென்றுக்கு இறங்குகிற படியில் பிழை விட்டால், அந்த வீட்டுக்காரரின் முழங்கால் ஆயுள் முழுக்க நம்மைத் திட்டும். என்னை எந்த முழங்காலும் திட்டியதில்லை. இருந்தும் என் உயிரை அதிகம் வாங்கிய படி எந்த வீட்டுக்கும் வைத்ததல்ல. வாகனத்துக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற ஒரு ட்ரெயிலருக்கு வைத்தது. அந்தப் படியைப் பற்றி எங்கள் சனத்துக்குள் வேறொரு கதை உலாவுகிறது. ஆகவே நானே எழுத வேண்டியதாயிற்று.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. வருடக்கணக்காக முகட்டைப் பார்த்தபடி பலகை அடித்தவனின் தோள் எப்படி இருக்கும்? சட்டை போடக் கையைத் தூக்கினால் கண்ணில் தண்ணீர் வரும். வீட்டில் ரெலிபோன் அடித்தால், ஒன்றில் ஊரிலிருந்து கெட்ட செய்தியாக இருக்கும், இல்லாவிட்டால் யாருடையவோ பேஸ்மென்றுக்குள் தண்ணீர் வந்த செய்தியாக இருக்கும். ரெலிபோன் இல்லாத ஒரு இடத்தில் நாலு நாள் படுத்துக் கிடக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வயதில் வேறு ஆசை இருக்கவில்லை.

அப்போதுதான் என் மனைவியின் தம்பி அந்த ட்ரெயிலரைக் கண்டுபிடித்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பாவித்துவிட்டு விற்கப் போட்டது. உள்ளே கட்டில், அடுப்பு, சின்னக் குளியலறை, இரண்டு பக்கமும் யன்னல். ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கலாம். இரண்டு பேருமாகச் சேர்ந்து வாங்கினோம். நானும் மனைவியும் இருந்தது ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடியில். அவன் பிக்கரிங்கில் புது வீடு வாங்கி, ரெயினில் ரொறன்ரோவுக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். ஆகவே ட்ரெயிலர் அவனுடைய வீட்டுப் பக்கத்தில் நின்றது. என்னுடைய வேலைச் சாமான்களும் ஏற்கனவே அவனுடைய கராஜுக்குள்தான் கிடந்தன.

மனைவிக்கு அதற்கு முந்திய மாரியில் வலது முழங்காலை மாற்றியிருந்தார்கள். ஒப்பரேசனுக்குப் பிறகு அவள் போன இடம் ஆஸ்பத்திரியும் கோயிலும் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கீழே பஸ் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வேலை முடிந்து வந்தால் எந்தப் பஸ் பிந்தி வந்தது என்று சொல்லுவாள். அவளும் களைத்தவள். ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிப்போன பெடியன்களுக்கெல்லாம் நின்ற நிலையில் சமைத்துப் போட்ட கால் அது.

பயிற்சி கொடுக்கிற பெண் அவளுக்கு ஒரு சட்டம் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் அடுத்த படி. மனைவி இதைத் தேவாரம் மாதிரிப் பாடமாக்கி வைத்திருந்தாள்.

ட்ரெயிலரைப் பற்றிச் சொன்னதும் அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. ஆனால் நிபந்தனையும் போட்டாள்.

"ஒருத்தரும் என்னைத் தூக்கக் கூடாது. பின்னாலை நிண்டு தள்ளவும் கூடாது. நானா ஏறினா வாறன். இல்லாட்டி நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ."

அவள் வராமல் நான் போவதில்லை. அது தம்பிக்கும் தெரியும். அவன் தன் பாட்டில் இன்னொன்று சொன்னான்.

"வேலையிடத்திலை ஒருத்தன் கேட்டுக்கொண்டு திரியிறான் அத்தான். அக்காவுக்குச் சரிவராட்டிச் சொல்லுங்கோ, குடுத்துவிடுவம்."

ஆக, ஒரு படியில் எல்லாம் தொங்கியது. அவள் ஏறினால் எங்களுக்கு ஏரிக்கரை. ஏறாவிட்டால் அவளுக்கு அந்த யன்னல், எனக்கு அந்த ரெலிபோன்.

கதவுக்குக் கீழே ஒரு இரும்புப் படி மடிந்து கிடந்தது. இழுத்தால் வெளியே வரும். நிலத்திலிருந்து அதற்குள்ள உயரம் ஒரு ஆட்டுக்குட்டி தாவுகிற உயரம். மனைவி கைபிடியைப் பற்றிக்கொண்டு இடது காலைத் தூக்கி வைத்ததும் ட்ரெயிலர் முழுவதும் அவள் பக்கம் சரிந்தது.

"இஞ்சருங்கோ, இது ஆடுது."

"சில்லு வைச்ச சாமான் ஆடத்தானே செய்யும் அக்கா," என்றான் தம்பி.

"அப்ப நீ ஏறி ஆடு. நான் இறங்கிறன்."

ஆட்டத்தை நான் அன்றைக்கே நிறுத்தினேன். நாலு மூலைக்கும் தூக்கி நிறுத்துகிற ஜக் கொடுத்து, அடியில் பலகை வைத்து இறுக்கினேன். அதற்குப் பிறகு உள்ளே நின்று குதித்தாலும் அது அசையவில்லை. இனிப் படி.

கட்டுகிறவன் நான் கடையில் வாங்கச் சம்மதித்ததற்குக் காரணம் என் தோள்தான். நெடுஞ்சாலை ஓரமாக ட்ரெயிலர் சாமான் விற்கிற ஒரு கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். அங்கே படிகளுக்கென்றே ஒரு மூலை இருந்தது. பிளாஸ்ரிக்கில் பெட்டி மாதிரி ஒன்று, முக்காலி மாதிரி ஒன்று, ஆர்மோனியப் பெட்டி போல் இழுத்து விரிக்கிற ஒன்று, அலுமினியத்தில் கைபிடியோடு ஒன்று. விற்கிறவன் இளம் வெள்ளைக்காரன். எல்லாவற்றையும் நல்லது என்றான். எல்லாம் நல்லதென்றால் எதற்கு இத்தனை?

நான் ஒவ்வொன்றிலும் ஏறி நுனியில் நின்று பார்த்தேன். படியின் நடுவில் நின்று பார்ப்பவனுக்குப் படியைப் பற்றி ஒன்றும் தெரியாது. களைத்தவர்களும் வயது போனவர்களும் நுனியில்தான் காலை வைப்பார்கள். பிளாஸ்ரிக் பெட்டி நுனியில் நின்றால் எதிர்ப்பக்கம் கிளம்பியது. முக்காலி உயரம் போதாது. ஆர்மோனியம் ஏறுகிறபோது முனகியது.

"அத்தான், வாங்க வந்தனீங்களோ, உடைக்க வந்தனீங்களோ?" என்று தம்பி கேட்டான். "அவன் கேக்கிறான், இந்த மனிசன் ஆர் எண்டு."

"சொல்லு, அரைவாசி ஸ்காபரோவுக்குப் படி வைச்ச ஆள் எண்டு."

"அது சொல்லி முடிக்க நேரம் செல்லும். பென்சன் எடுத்த பொலிஸ் எண்டு சொல்லிப்போட்டன். இனிக் கிட்ட வரமாட்டான், ஆறுதலாப் பாருங்கோ."

அலுமினியப் படி ஒன்றுதான் என் காலுக்குப் பதில் சொன்னது. பதிந்த உயரம், கைபிடி உறுதி, மடித்தால் பாரமில்லை. மனைவியை ஏறச் சொன்னேன். அவள் இடது காலை வைத்து, வலது காலைச் சேர்த்து, மேலே போய்த் திரும்பி வந்தாள். முகத்தில் நோவில்லை.

"இது பறவாயில்லை," என்றாள். ஒப்பரேசனுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த பெரிய புகழ்ச்சி அது.

பிக்கரிங்குக்குக் கொண்டுவந்து கதவடியில் வைத்தோம். மனைவி தம்பியின் வான் வாகனத்திலிருந்து இறங்கி வந்தாள். படிக்கு முன்னால் நின்றாள். நாங்கள் எல்லோரும் எந்த வீட்டு வாசலிலும் செய்வது போல, யோசிக்காமல், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வெறுங்காலை அலுமினியத்தில் வைத்தாள். உடனே எடுத்தாள்.

அந்தப் படிகளின் மேற்பரப்பில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் சின்னச் சின்னப் பல் எழும்பி நிற்கும். சேற்றுச் சப்பாத்து வழுக்காமல் இருக்கச் செய்த வேலை. கடையில் அவள் ஏறியது சப்பாத்தோடு. நானும் சப்பாத்தோடு. அந்தப் படியை வெறுங்காலோடு ஒருவர் ஏறுவார் என்று செய்தவன் நினைத்திருக்க மாட்டான். வாங்கிய நாங்கள் மூன்று பேரும், பிறந்த நாளிலிருந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்கள், எங்களுக்கும் கடையில் அது நினைவு வரவில்லை.

"செருப்போடை ஏறுமன்," என்றேன்.

"அடுப்படிக்குச் செருப்போடையோ?"

"மேலை போய்க் கழட்டும்."

"ஒற்றைக் காலிலை நிண்டோ? இந்தக் காலோடையோ?"

நான் கார்பெற் துண்டு வெட்டி அதன் மேல் கட்டிப் பார்த்தேன். படி ஏற்கனவே ஒடுக்கம். கார்பெற் நுனியில் சுருண்டு கிளம்பியது. அவள் குதிக்கால் வெளியே தொங்கியது. காணும், போதும் என்று கழற்றி, கடைக்கே திருப்பிக் கொண்டுபோனோம். பொலிஸ்காரர் கொண்டுவந்தபடியால் அந்தப் பெடியன் ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டான்.

இனி வேறு வழியில்லை. நானே செய்யத் தொடங்கினேன். கிழமை முழுக்கப் பிறர் வீட்டில் வேலை. சனி, ஞாயிறு பிக்கரிங்கில், தம்பியின் கராஜில். சும்மா படுத்துக் கிடப்பதற்கென்று வாங்கிய சாமானுக்காக என் படுக்கிற நாட்களும் போயின. தோளுக்கு மருந்தைப் பூசிக்கொண்டு, மரத்தில் மூன்று படி செய்தேன். ஒவ்வொரு படியும் உயரம் குறைந்த பதிவு. ஒரு முழுப் பாதம் வைத்து மிச்சம் இருக்கிற அகலம். சுற்றி மடித்து ஆணி தெரியாமல் அடித்த கார்பெற். இரண்டு பக்கமும் கைபிடி, கை வழுகிப் போகாதபடி உருட்டித் தேய்த்தது. கோயில் மேடைக்கு வைத்த படியைவிட இது திறம். தம்பி வந்து பார்த்துவிட்டு, இதே மாதிரித் தன் வீட்டு வாசலுக்கும் ஒன்று செய்து தரச் சொன்னான்.

மனைவி செருப்பைக் கழற்றினாள். இடது கால், வலது கால். இடது கால், வலது கால். ஒரு சொட்டு நோவில்லாமல் மேல் படிக்குப் போய்விட்டாள். எனக்கு மூச்சு வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு அதே மாதிரி ஒவ்வொன்றாக இறங்கி வந்து, புல்லில் கிடந்த கதிரையில் இருந்துவிட்டாள்.

"என்ன, ஆடுதோ?"

"இல்லை."

"உயரமோ?"

"படி நல்லாத்தான் இருக்கு."

"பின்னை?"

அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நல்ல கால் தானே எனக்கு முதல் ஏறும். அப்ப உள்ளுக்கும் இடது கால் தான் முதல் போகும்."

தம்பி தலையில் கையை வைத்தான். "அக்கா, இது வாகனம். லைசென்ஸ் பிளேற் கிடக்கு, சில்லு கிடக்கு. வாங்கின அண்டைக்கு நான் சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சு நசிச்சனானெல்லோ? வாகனத்துக்குச் செய்யிறது செய்தாச்சு. வாகனத்துக்கு வலதும் இல்லை, இடதும் இல்லை. என்ரை வானுக்கை எந்தக் காலை வைச்சு ஏறினனீங்கள்?"

"உன்ரை வானுக்கை நான் பால் காய்ச்சேல்லை."

"ட்ரெயிலருக்கை பால் காய்ச்சப் போறீங்களோ?"

"அடுப்பு இருக்கு. கட்டில் இருக்கு. சமைச்சு, படுத்து எழும்பிற இடத்துக்குப் பேர் என்ன? வீடு. பால் காய்ச்சாமல் நான் எந்த வீட்டிலையும் படுத்ததில்லை. இடது காலை வைச்சுப் போய்ப் பால் காய்ச்சிறதே?"

நான் சொன்னேன், "இஞ்சேரும், ஒப்பரேசனுக்குப் போகேக்கை எந்தக் கால் முதல் போனது? அதுக்குப் பிறகும் நல்லாத்தானே இருக்கிறீர்?"

"அங்கை என்னை உருட்டிக்கொண்டு போனவங்கள். அது என்ரை கையிலை இல்லை. இது என்ரை கையிலை இருக்கு."

அவள் சொன்னதில் எனக்கும் பாதி சம்மதம். நானும் எத்தனையோ பேஸ்மென்றுக்குள் முதல் நாள் வலது காலை வைத்துத்தான் இறங்கினவன்.

தம்பி இன்னொரு படி கூட்டினால் கால் மாறுமே என்றான். மாறாது. அவள் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்க்கிறவள். எத்தனை படி வைத்தாலும் கடைசி ஏற்றத்துக்கும் இடது கால்தான் முன்னுக்கு வரும். கடைசிப் படியில் மட்டும் வலதை முதலில் வைத்துப் பார்க்கிறேன் என்று அவளே எழுந்து போனாள். புதிய முழங்காலில் உடம்பைத் தூக்கியபோது, கைபிடியைப் பிடித்திருந்த அவளுடைய விரல் எல்லாம் வெளுத்துப்போனது. காணும், இறங்கும் என்றேன். இறங்கி வந்து, "வித்துப்போடுங்கோ," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் பிந்தி வந்ததைச் சொல்லுகிற அதே குரல்.

நான் கராஜ் வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தேன். இவ்வளவு வேலை செய்த கை, அன்றைக்கு என் மடியில் வேறு யாருடையவோ கை மாதிரிக் கிடந்தது. தம்பி இரண்டு தேத்தண்ணியோடு வந்தான். ஒன்றை என்னிடம் தந்துவிட்டுச் சிரித்தான்.

"அக்காவுக்குப் படி சரிவராது அத்தான். தேர்முட்டிதான் கட்ட வேணும்."

தேர்முட்டி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கோயில்களில் தேரடியில், தேர்த்தட்டின் உயரத்துக்குப் படிகளோடு ஒரு மேடை கட்டியிருக்கும். சாமியைக் காவுகிறவர்கள் படியில் ஏறி அந்த மேடைக்கு வருவார்கள். அங்கிருந்து ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நேரே நடந்து தேருக்குள் போவார்கள்.

அவன் பகிடிக்குத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, சாமிக்குக் குடை பிடிக்க நான் வாறன் என்று இன்னொரு பகிடியும் விட்டான். நான் சிரிக்கவில்லை. என் கண் கராஜ் சுவரில் சாய்த்து வைத்திருந்த, பெஞ்சு மாதிரியான அலுமினிய வாங்கில் நின்றது. முகட்டுக்குப் பலகை அடிக்கும்போது நான் ஏறி நிற்கிற வாங்கு அது. காலை மடிக்கலாம், உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

யோசித்துப் பாருங்கள். அவளுக்கு நோவு ஏறும்போதுதான். சமமாக நடந்தால் எந்தக் காலையும் முதலில் வைக்கலாம். கடைசி ஏற்றத்தை இல்லாமலாக்கிவிட்டால் வலது கால் தானே உள்ளே போகும். மேடையில் இரண்டு காலையும் சேர்த்து நின்று, மூச்சு விட்டு, வலதை முன்னுக்கு வைக்க வேண்டியதுதான்.

சொல்லச் சுலபமாக இருக்கிறது. செய்யப் போனால் ட்ரெயிலரின் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. மேடையை நிலைக்குச் சமமாக வைத்தால் கதவு திறவாது. ஆகவே கதவின் அடி உரசாமல் போக மேடையை ஒரு விரலளவு கீழே பதித்தேன். ஒரு விரல் அவள் முழங்காலுக்குத் தெரியாது. வாங்கின் அகலம் போதாது. ஆணுக்கு வேலை செய்யப் போதும், நோகிற காலோடு நிற்கிற பெண்ணுக்குப் போதாது. மேலே தடித்த பலகை போட்டு அகட்டினேன். கீழே இருந்து ஏற, நான் செய்த மரப் படிகளை அறுத்துக் குறுக்கி, ட்ரெயிலரின் சுவரோடு சேர்த்துப் பக்கவாட்டில் வைத்தேன். அப்போது ஏறுகிறவரின் முகம் சுவரைப் பார்க்காது, வெளியைப் பார்க்கும். இடது பக்கம் சுவர், வலது பக்கம் கைபிடி. விழுந்தாலும் விழ இடமில்லை. மேடை முழுக்கக் கார்பெற், கீழே செருப்பு வைக்க ஒரு தட்டு. ஏரிக்கரையில் நிலம் ஒரு பக்கம் சரிவாக இருந்தால் வாங்கின் காலைக் கூட்டிக் குறைக்கலாம். எல்லாம் கழன்று, மடிந்து, கட்டிலுக்குக் கீழே போய்விடும்.

இத்தனையும் பகிடி விட்ட ஆளா யோசித்தது? அவன் அந்த நேரம் வீட்டுக்குள் ரிவியில் பந்து பார்த்துக்கொண்டிருந்தான். பலகையின் மறுமுனையைப் பிடிக்கக்கூட நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

மனைவி நாள் பார்த்தாள். காலையில், தம்பி வேலைக்குப் போக முன்னர், பால் காய்ச்சுவதென்று தீர்மானம். ஒரு கையில் சின்னப் பிள்ளையார் படம், மறு கை கைபிடியில். செருப்பைத் தட்டில் வைத்தாள். தன் சட்டப்படி இடது கால், வலது கால் என்று ஏறினாள். மேடைக்கு வந்து, கதவுப் பக்கம் திரும்பி, இரண்டு காலையும் சேர்த்து நின்றாள். நான் கீழே நின்றேன். தூக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது என்றிருக்கிறாளே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, வலது காலை எடுத்து, பக்கத்து அறைக்குப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டாள்.

ஒரு சத்தமும் இல்லை. ட்ரெயிலர் அசையவில்லை. பிறகு உள்ளே அடுப்புப் பற்றுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, பொங்க விட்டிடாதேங்கோ, காஸ் அடுப்பு," என்றான் தம்பி.

"பொங்கத்தானே காய்ச்சிறது. நீ பேசாமல் நில்."

நான் அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன். எழும்ப முடியவில்லை. முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, முன் வீட்டுக்காரன் புல்லுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் மணம் வந்தது. தம்பிக்கு ரெயினுக்கு நேரமாகிவிட்டதென்று முதல் பேணிப் பால் அவனுக்குப் போனது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு வந்த பால் ஆறியிருந்தது என்று மட்டும் சொல்லுகிறேன்.

ஆடி மாதத்தில் ஏரிக்கரைக்குப் போனோம். மனைவி காலையில் தானே இறங்கி, மரங்களுக்குள் கொஞ்சத் தூரம் நடந்து, தானே ஏறி வருவாள். அந்த யன்னலடிக் கதிரையில் இருந்தவள்தான் இவள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் ஆசைப்பட்ட மாதிரியே கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் கிடந்தேன். ரெலிபோன் இல்லை. ஆனால் ட்ரெயிலரின் சுவர் மெல்லியது. வெளியில் பேசுவது எல்லாம் காதுக்குள் விழும்.

பக்கத்தில் கூடாரம் அடித்திருந்த எங்கள் சனத்தில் ஒரு பெண் வந்து கேட்டாள். "அன்ரி, உந்தப் படி எங்கை வாங்கினனீங்கள்? எங்கடை மாமிக்கும் முழங்கால் ஏலாது."

வாங்கியதாம். நான் கட்டிலில் கிடந்தபடி மனைவியின் பதிலுக்குக் காத்திருந்தேன்.

"உது வாங்கினதில்லை பிள்ளை. தம்பியின்ரை யோசினை. தேர்முட்டி மாதிரி எண்டு அவன்தான் சொன்னவன்."

இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த தம்பியின் குரலும் கேட்டது. "ஓம் ஓம், தேர்முட்டி ஐடியா என்ரைதான். மாமிக்கு எந்தக் காலெண்டு சொல்லுங்கோ, அதுக்கேத்த மாதிரிச் செய்விக்கலாம்."

செய்விக்கலாமாம். யாரைக் கொண்டு?

எழும்பி வெளியே போய் இரண்டு சொல்லுச் சொல்லியிருக்கலாம். உடம்பில் அதற்குப் பெலன் இருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். நித்திரை வரவில்லை.

பிறகு, தம்பி தண்ணீர் எடுக்கப் போனபோது, மனைவியிடம் கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவன் சொன்னது உண்மைதானே. வாழ்க்கையிலை முதல் தரம் அவன் ஒரு உருப்படியான கதை சொல்லியிருக்கிறான், அதைச் சொன்னனான். நீங்கள் செய்யிறது புதினமே? நீங்கள் செய்வியள் எண்டு எல்லாருக்கும் தெரியும்."

இதற்குப் பிறகு அந்தக் கதை எங்கும் போய்விட்டது. கோயிலில் கேட்டேன், கலியாண வீட்டில் கேட்டேன். பிக்கரிங்கில் ஒருத்தர் ட்ரெயிலருக்குத் தேர்முட்டி கட்டினவராம், கெட்டிக்கார மனிசனாம். அதே மாதிரி செய்து தரச் சொல்லி வந்த இரண்டு பேருக்கு நான் செய்தும் கொடுத்தேன். அவர்களும் போகும்போது தம்பிக்கு நன்றி சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்குச் சண்டை பிடிக்கத் தெம்பில்லை. தேர்முட்டி என்ற சொல் அவனுடையது, வைத்துக்கொள்ளட்டும். ஆனால் கதவு உரசாமல் ஒரு விரல் பதித்தவன் நான். வாங்கை அகட்டியவன் நான். படியைச் சுவரோடு திருப்பி வைத்தவன் நான். அந்தக் கார்பெற்றுக்குக் கீழே ஆணி ஒன்றுகூட வெறுங்காலில் குத்தாதபடி, ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தவன் நான். என் பிள்ளைகள் இதை வாசிப்பார்கள். தம்பியும் வாசிப்பான். மனைவிக்கு இப்போது எழுத்துக் கண்ணில் தெரியாது, யாராவது வாசித்துக் காட்டுவார்கள். மற்றவர்கள் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. அவள் சொல்ல வேண்டும். இனி யாராவது அந்தப் படியைக் காட்டிக் கேட்டால், யோசினை தம்பியுடையது என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்தக் கூடாது. செய்தது என்ரை மனிசன் என்று, நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும், வாய் திறந்து சொல்ல வேண்டும்.